விட மறுத்த ஊர்: கிரௌப்னரைத் தேடி ஏழு நாள்

மே 4, திங்கள். லைப்சிக்

தோமஸ் தேவாலயத்துக்கு வெளியே பாக் வெண்கலத்தில் நிற்கிறார். கோட்டுப் பை ஒன்றின் உள்புறம் வெளியே தெரியும்படி இழுத்துவிடப்பட்டிருக்கிறது. கையில் காசு தங்காத மனிதர் என்று சிற்பி சொல்ல வந்தாராம். அந்தப் பையோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசையே நிற்கிறது. வரிசையில் நான் நிற்கவில்லை. நான் வேறொருவரைத் தேடி வந்தவன்.

அவர் பெயர் கிறிஸ்டோஃப் கிரௌப்னர், பாக்கைப் போலவே ஒரு ஜெர்மன் இசையமைப்பாளர். 1683-இல் பிறந்து 1760-இல் இறந்தவர், பாக்கைவிட இரண்டு வயது பெரியவர். இந்தத் தேவாலயத்தின் இசைப் பொறுப்பு பாக்குக்கு முன்னால் இவர் கைக்குத்தான் வந்தது. வேலை பார்த்த ஊரில் இவரை விடவில்லை, அதனால் போயிற்று. கேட்டால் அவ்வளவுதான் கதை. அவ்வளவுதான் என்று விட முடியாமல்தான் ஒரு வார விடுப்பெடுத்துக்கொண்டு மியூனிக்கிலிருந்து கிளம்பிவிட்டேன். மனைவி வரவில்லை. "பாக்கைப் பார்க்கப் போனால்கூட ஊரில் சொல்லிக்கலாம், இவர் யாருன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள். நியாயமான கேள்வி.

எனக்கு மேற்கத்திய இசையில் பயிற்சி கிடையாது. இரண்டு வருடம் முன்பு ஒரு இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று முரசுகள் ராகம் வாசிப்பதுபோல் கேட்டது. தாளம் இல்லை, மெட்டு. ஜலதரங்கத்தைக் கிண்ணத்துக்குப் பதில் அண்டாவில் வைத்து வாசித்த மாதிரி. குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். ஆறு டிம்பனி முரசுகளுக்கு கிரௌப்னர் எழுதிய சின்ஃபோனியா என்று அறிவிப்பாளர் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு குழுவுக்கு இரண்டு முரசு இருந்தாலே பெரிது. ஆறை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு சுரத்துக்குக் கட்டியிருக்கிறார் மனிதர். அன்று பிடித்தது.

சரி, லைப்சிக் கதை. 1722 ஜூனில் தோமஸ் பள்ளியின் இசை ஆசிரியர் யோஹான் கூனாவ் இறந்துபோகிறார். ஊரின் முக்கியத் தேவாலயங்களுக்கெல்லாம் இசை அமைக்கும் பொறுப்பு அந்தப் பதவியோடு சேர்ந்தது. நகர மன்றம் முதலில் தேர்ந்தெடுத்தது ஹாம்பர்க்கில் இருந்த இசையமைப்பாளர் டெலமனை. அவர் இந்த அழைப்பைக் காட்டி ஹாம்பர்க்கில் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். (இந்த வித்தை தெரிந்த ஆட்கள் எங்கள் ஆபீசிலும் உண்டு.) அடுத்து கிரௌப்னர். இதே பள்ளியில் படித்தவர், கூனாவின் மாணவர். 1723 ஜனவரி 17-இல் இங்கே வந்து இரண்டு கான்டாட்டாக்களை, அதாவது பாட்டும் வாத்தியமும் சேர்ந்த வழிபாட்டு இசையை, நடத்திக் காட்டினார். மன்றத்துக்குப் பிடித்துப்போயிற்று. பாக் சோதனைக்கு வந்ததே பிப்ரவரி 7-இல்தான்.

ஆனால் கிரௌப்னர் வேலை பார்த்தது டார்ம்ஸ்டாட் அரசவையில். அவரை விடுவிக்க அந்த ஊர் அரசர் எர்ன்ஸ்ட் லுட்விக் கையெழுத்துப் போடவில்லை. பாக்கி வைத்திருந்த சம்பளத்தை முழுதாகத் தருகிறேன், சம்பளத்தைக் கூட்டுகிறேன், இசைக்குழுவையே கலைக்க நேர்ந்தாலும் உன்னை வைத்துக்கொள்கிறேன், ஆனால் போகக் கூடாது என்றார். கிரௌப்னர் தங்கிவிட்டார். லைப்சிக்கில் ஒரு மன்ற உறுப்பினர், முதல் தரம் கிடைக்கவில்லையென்றால் நடுத்தரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அலுத்துக்கொண்டது பதிவேட்டில் இருக்கிறது. அந்த நடுத்தரம்தான் வாசலில் வெண்கலமாக நிற்கிறது.

பழைய நகர மன்றக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். பாக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கூடத்துக்குப் போனேன். கிரௌப்னர் பெருந்தன்மையாகப் பாக்கைச் சிபாரிசு செய்து கடிதம் எழுதினார், அதனால்தான் பாக்குக்கு வேலை கிடைத்தது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். தேதியைப் பார்த்தால் சரிவரவில்லை. மன்றம் பாக்கைத் தேர்ந்தெடுத்தது ஏப்ரல் 22. கிரௌப்னரின் கடிதம் மே 4. முடிந்துபோன காரியத்துக்கு யாரும் சிபாரிசு எழுதுவதில்லை. எனக்கு அந்தக் கடிதம் இப்படிப் பார்க்கும்போதுதான் இன்னும் பிடிக்கிறது. ஆர்கனில் வல்லவர், தேவாலய இசையிலும் அரசவை இசையிலும் தேர்ந்தவர், கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வார் என்று எழுதியிருக்கிறார். தனக்குக் கிடைத்து நழுவிய இடத்தில் உட்காரப்போகிறவரைப் பற்றி, எழுதியே ஆகவேண்டும் என்ற அவசியம் இல்லாதபோது எழுதியது.

இன்று மே 4. பயணத்தை இந்தத் தேதியில் தொடங்கியது வேண்டுமென்றேதான். தேவாலயத்தில் சிறுவர் பாடகர் குழுவைக் கேட்கலாம் என்று நினைத்தேன், அவர்கள் பாடுவது வெள்ளியும் சனியும்தானாம். பக்கத்துக் கடையில் பாக் மக்னட், பாக் காலுறை, பாக் சாக்லேட் எல்லாம் உண்டு. கிரௌப்னர் சிடி இருக்கிறதா என்று கேட்டேன். "எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்" என்றார் கடைக்காரப் பெண்.

மே 5, செவ்வாய். கிர்ஷ்பெர்க்

காலை ரயிலில் ஸ்விக்காவ். அங்கே இறங்குகிறவர்கள் ஒன்று இசையமைப்பாளர் ஷூமன் பிறந்த வீட்டுக்குப் போவார்கள், இல்லையென்றால் டிராபன்ட் கார் அருங்காட்சியகத்துக்கு. நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பஸ்ஸில் என்னோடு இரண்டு பாட்டிகள், ஒரு பள்ளிப் பையன், ஒரு நாய்.

கிர்ஷ்பெர்க் சின்ன ஊர், எட்டாயிரம் பேர் இருப்பார்கள். ஏழு குன்றுகளின் ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஏறி இறங்கிய என் முழங்கால் அதை ஒப்புக்கொள்கிறது. ஒரு காலத்தில் துணித்தொழில் ஊர். கிரௌப்னரின் குடும்பமும் அந்தத் தொழில்தான். 1683 ஜனவரி 13-இல் இங்கே பிறந்தார். உள்ளூர் ஆர்கன் வாத்தியாரிடம் சிறு வயதிலேயே கற்றுக்கொள்ளத் தொடங்கி, அவர் ரைஷன்பாக் என்ற பக்கத்து ஊருக்கு வேலை மாறிப் போனபோது பையனும் கூடவே போய்விட்டான். பதினொரு வயதில். குருவைப் பிடித்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவது நமக்குப் பழகின கதைதான்.

மார்கரெட்டே தேவாலயம் பூட்டியிருந்தது. சுற்றி வந்தேன். ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு கிறிஸ்டோஃப் கிரௌப்னர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இடைவேளை நேரம். வேலி ஓரத்தில் நின்ற பையன்களிடம் இந்தப் பெயர் யாருடையது என்று கேட்டேன். "யாரோ பழைய இசையமைப்பாளர்" என்றான் ஒருவன். "பாக்குக்குப் பதில் வரவேண்டியவர்" என்றான் இன்னொருவன். அந்த ஒரு வரியோடு மனிதரை முடித்துவிடுகிறார்கள், சொந்த ஊரிலும். நானும் நேற்று அதைத்தான் எழுதினேன் என்பது ஞாபகம் வந்தது.

திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பேக்கரியில் காபியும் பாப்பி விதை கேக்கும் சாப்பிட்டுக்கொண்டு தேதிகளைப் புரட்டினேன். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் இதே சாக்சனிக்காரர்தான். 1682 ஜூலையில் புல்ஸ்னிட்ஸில் பிறந்தவர், கிரௌப்னருக்கு ஆறு மாதம் மூத்தவர். 1706-இல் ஒருவர் தமிழ் படிக்கத் தரங்கம்பாடியில் மணலில் எழுத உட்கார்ந்தார். அதே வருடம் இன்னொருவர் போருக்குப் பயந்து வடக்கே ஓடினார். இருவருக்கும் வேறு சம்பந்தம் ஒன்றும் இல்லை. கேக் நன்றாக இருந்தது.

மே 6, புதன். ஹாம்பர்க்

அந்த ஓட்டத்தைப் பற்றி. பதின்மூன்று வயதில் லைப்சிக் தோமஸ் பள்ளியில் சேர்ந்த கிரௌப்னர், கூனாவுக்குச் சுரம் படியெடுத்துக் கொடுத்தே இசை கற்றார். பள்ளி முடித்து அங்கேயே சட்டம் படிக்கப் போனார். 1706-இல் சுவீடன் அரசன் பன்னிரண்டாம் சார்லஸின் படை சாக்சனிக்குள் நுழைந்தது. படிப்பை விட்டுவிட்டு ஹாம்பர்க்குக்குக் கிளம்பினார். வந்து சேர்ந்தபோது பையில் இரண்டு தாலர் வெள்ளிக்காசுதான் மிச்சம் இருந்தது என்று பின்னாளில் தன் கதையைச் சொல்லும்போது குறிப்பிடுகிறார்.

லைப்சிக்கிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். ஹாம்பர்க்கில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் பெரியவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இரவு புட்டும் சம்பலும் மீன் குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே இந்த இரண்டு தாலர் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தம்பி, ரெண்டு தாலரோட வந்தவர் எண்டு பெரிசாச் சொல்லுறீர். நான் 85-இல வந்து இறங்கேக்க அதுவும் இல்லை."

அப்புறம் கேட்டார்: "வந்த உடன வேலை கிடைச்சதோ அவருக்கு?"

கிடைத்தது. அதிர்ஷ்டம்தான். ஹாம்பர்க் ஓபராவில், அதாவது இசை நாடக அரங்கில், ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியம் வாசித்த ஷீஃபர்டெக்கர் என்பவர் அப்போதுதான் லூபெக்குக்குப் போயிருந்தார். அங்கே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த கிழவர் புக்ஸ்டெஹூடேக்கு உதவியாளராக. அந்த இடத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது, புக்ஸ்டெஹூடேயின் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று வருடம் முன்பு ஹாண்டல், மாத்தெசோன் என்ற இரண்டு இளம் இசைக்கலைஞர்களும் அந்த வேலையைப் பார்த்துவர லூபெக் போய், நிபந்தனையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார்கள். ஷீஃபர்டெக்கர் கட்டிக்கொண்டார். அவர் மனம் வைத்ததால் ஹாம்பர்க்கில் ஒரு நாற்காலி காலியாயிற்று, கிரௌப்னர் போய் உட்கார்ந்தார். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட ஊர்ச் சம்பந்தம் மாதிரியே இருக்கு" என்றார். அக்கா அடுக்களையிலிருந்து, "அதுக்கென்ன இப்ப" என்றார்.

மே 7, வியாழன். ஹாம்பர்க் காலை, டார்ம்ஸ்டாட் இரவு

கென்ஸமார்க்ட் சதுக்கம். முக்கோணமான இடம், சுற்றிலும் துணிக்கடைகள், நடுவில் எழுத்தாளர் லெஸ்ஸிங்கின் சிலை. இங்கேதான் 1678-இல் தொடங்கிய ஓபரா அரங்கம் இருந்தது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று ஜெர்மன் நாடுகளில் நடந்த முதல் ஓபரா அதுதான். மற்றதெல்லாம் அரண்மனைக்குள். கிரௌப்னர் வந்தபோது ஹாண்டல் இத்தாலிக்குக் கிளம்பிவிட்டிருந்தார். 1707-இல் டிடோ ராணியைப் பற்றி ஒரு ஓபரா எழுதினார், அடுத்த இரண்டு வருடத்துக்குள் இன்னும் நான்கு. இருபத்தாறு வயதுக்குள் ஐந்து. அரங்கம் இருந்த அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. மழை. ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று, டிடோவிலிருந்து ஒரு பாட்டைக் காதில் போட்டுக்கொண்டேன்.

டார்ம்ஸ்டாட் அரசர் அவரைக் கண்டுகொண்டதும் இந்த ஊரில்தான். எர்ன்ஸ்ட் லுட்விக்குக்கு ஓபராப் பைத்தியம். 1709-இல் கையோடு கூட்டிப்போய்விட்டார்.

எனக்கு அவ்வளவு வேகம் வாய்க்கவில்லை. ரயில் நடுவழியில் ஒரு வயல்வெளியில் 50 நிமிடம் நின்றது. காரணம் யாரும் சொல்லவில்லை. ஃப்ராங்க்ஃபர்ட்டில் மாறி, டார்ம்ஸ்டாட் வந்து சேர்ந்தபோது இரவு பத்து மணி.

மே 8, வெள்ளி. டார்ம்ஸ்டாட்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

நூலகம் காலையில் திறந்ததும் போய்விட்டேன். 2012 வரை அரண்மனைக்குள் இருந்த நூலகம் இப்போது பக்கத்திலேயே புதுக் கட்டடத்தில். பழைய சேகரிப்புகளுக்கான பகுதியில் ஒரு அம்மாள் இருந்தார். கிரௌப்னரின் கைப்பிரதி ஒன்றைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஆராய்ச்சியா என்றார். இல்லை, ஆசை என்றேன். சிரித்துக்கொண்டே, எல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றியாகிவிட்டது, தக்க காரணம் இல்லாமல் மூலத்தை எடுத்துத் தர மாட்டோம் என்றார். ஆக, வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்த அதே படங்களை, ஊரெல்லாம் சுற்றி வந்து, மூலப் பிரதி இருக்கிற கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து திரையில் பார்த்தேன். மனைவியிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

ஆனாலும் பார்த்தேன், மூன்று மணி நேரம். என்ன கையெழுத்து! அவசரத்தில் எழுதியது என்று தெரிகிறது, ஆனால் ஒரு சுரம் இன்னொன்றின் மேல் விழவில்லை. கூனாவிடம் படியெடுத்த கை. தன் ஹார்ப்சிகார்ட் நூல்களுக்குச் செப்புத் தகட்டில் தானே சுரம் கீறி அச்சிட்டவர் இவர். கான்டாட்டாவின் தலையில் மாதமும் வருடமும், முடிவில் "புகழனைத்தும் கடவுளுக்கே" என்று லத்தீனில். மறுபடி அடுத்தது. மறுபடி அடுத்தது.

தேவாலயத்துக்கான கான்டாட்டாக்கள் மட்டும் 1,400-க்கு மேல். பாக்கின் கான்டாட்டாக்களில் நமக்குக் கிடைத்திருப்பது 200 சொச்சம். எண்ணிக்கையை வைத்து எடை போடக் கூடாதுதான், அந்தத் தராசில் பாக் தட்டு எப்போதும் தாழ்ந்தே இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் இந்த எண் எப்படி வந்தது என்பது வேறு கதை. ஓபராவுக்காகக் கூட்டிவந்த அரசரிடம் பத்து வருடத்தில் பணம் தீர்ந்துபோயிற்று. 1719 வாக்கில் ஓபரா நின்றது. சம்பளம் பாக்கி விழுந்தது. அதனால்தான் லைப்சிக்குக்கு மனுப் போட்டார். மறுத்து நிறுத்தி வைத்த பிறகு, மிச்சம் இருந்த வேலை அரண்மனைத் தேவாலயத்துக்கு ஞாயிறுதோறும் புது இசை. முதலில் லைப்சிக் கால நண்பர் க்ரூனவால்ட் பாதிச் சுமையைத் தாங்கினார். 1739-இல் அவர் இறந்ததும் முழுதும் இவர் தலையில்.

மாத்தெசோன் இசைக்கலைஞர்களிடம் வாழ்க்கைக் குறிப்புக் கேட்டு வாங்கி 1740-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் கிரௌப்னர் எழுதி அனுப்பியது இருக்கிறது. தலைக்கு மேல் வேலை, வேறெதுவும் செய்ய முடிவதில்லை, எழுதி முடிப்பதே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு ஞாயிறும் பண்டிகையும் அடுத்ததற்குக் கைகொடுத்துக்கொண்டே வருகின்றன என்கிறார். கைகோத்துக்கொண்டு வட்டமாக வரும் ஞாயிற்றுக்கிழமைகள். நடுவில் இவர்.

புலம்பல்தான். ஆனால் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் சலிப்புத் தெரியவில்லை என்பதுதான் விசேஷம். கிளாரினெட்டுக்கு முன்னோடியான ஷாலுமோ என்ற குழலை விதவிதமான அளவில் சேர்க்கிறார். வயோலா த'அமோரே என்ற வில் வாத்தியம் வருகிறது. ஒரே குரலுக்குப் பின்னால் இரண்டு பஸூன் குழல்கள். வேலை வேலையாக இருந்தாலும், இந்த வாரம் எந்த வாத்தியத்தை எதோடு சேர்த்துப் பார்க்கலாம் என்ற குறுகுறுப்பு அந்த மனிதருக்குக் கடைசி வரை போகவில்லை. நான் கேட்ட ஆறு முரசும் அறுபதைத் தாண்டிய வயதில் எழுதியது.

1754 வாக்கில் பார்வை போயிற்று. எழுதுவது நின்றது. 1760 மே 10-இல் இறந்தார். தன் கைப்பிரதிகளை எரித்துவிடச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. எரிக்கவில்லை. அதற்குப் பதிலாக வழக்கு நடந்தது. அப்பா எழுதியது எங்களுக்குச் சொந்தம், விற்க விடுங்கள் என்று வாரிசுகள். சம்பளம் கொடுத்து எழுத வைத்தது நாங்கள், எங்களுக்குச் சொந்தம் என்று அரண்மனை. கடைசியில் தீர்ப்பு வாரிசுகளுக்கு எதிராக வந்தது.

இதைப் படித்தபோது என் வேலை ஒப்பந்தம்தான் நினைவுக்கு வந்தது. வேலையில் இருக்கும் காலத்தில் நான் எழுதும் கணினி நிரலின் ஒவ்வொரு வரியும் கம்பெனிக்குச் சொந்தம் என்று அதில் ஒரு பத்தி இருக்கிறது. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கிரௌப்னர் பிள்ளைகள் பக்கம்தான் என் மனசு. ஆனால் அவர்கள் ஜெயித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நூறு நூறாக ஏலம் போயிருக்கும். பாக்கின் கைப்பிரதிகள் பிள்ளைகளுக்குள் பிரிந்து, மூத்த மகனிடம் போனதில் எத்தனையோ தொலைந்தது. இங்கே அரண்மனை எடுத்து அலமாரியில் அடுக்கிப் பூட்டியது, யாரும் தொடவில்லை. நூறு வருடத்துக்கு மேல் இவரை யாரும் வாசிக்கவில்லை, கேட்கவில்லை. அதே பூட்டுத்தான் இந்த 1,400-ஐயும் ஒரே இடத்தில் வைத்திருந்தது. மனிதரை விடாத ஊர் காகிதத்தையும் விடவில்லை. இதற்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மதியம் பசித்தபோதுதான் எழுந்தேன். அந்த அம்மாள் போகும்போது கேட்டார், "கிடைத்ததா, தேடியது?" என்ன தேடினேன் என்று எனக்கே சொல்லத் தெரியாததால், கிடைத்தது என்று சொல்லிவிட்டேன்.

மே 9, சனி. ஓபர்-ராம்ஸ்டாட், அரண்மனை

காலையில் உள்ளூர் ரயிலில் ஓபர்-ராம்ஸ்டாட், பத்து நிமிடச் சொச்சம். கிரௌப்னரின் பெரும்பாலான கான்டாட்டாக்களுக்குப் பாட்டு எழுதிய யோஹான் கொன்ராட் லிஷ்டன்பெர்க் இந்த ஊரில் பாதிரியாராக இருந்தார். ஜெர்மன் புத்தகங்கள் இவரைக் கிரௌப்னரின் 'ஷ்வாகர்' என்கின்றன. மச்சான், மைத்துனன், கொழுந்தன் எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்தான். விசாரித்துப் பார்த்தால் இருவரும் எக்கார்ட் வீட்டில் பெண் எடுத்தவர்கள். அதாவது சகலை. நம் மொழியில் ஒரே சொல்லில் முடிந்தது.

சகலைகள் இருவரும் சேர்ந்து எத்தனை ஞாயிறுகளைத் தாண்டியிருக்கிறார்கள்! வருடத்துக்கு ஒரு புதுப் பாட்டுத் தொகுப்பு எழுதித் தருவார் ஒருவர், மற்றவர் வாரம் ஒன்றாக இசை போடுவார். 1743-க்கான தொகுப்பில் ஏசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஒரு கான்டாட்டா வரிசை வருகிறது. இவரிடம் தொடங்க விரும்புகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

அந்தப் பாதிரியார் வீட்டில் 1742-இல் பிறந்த கடைக்குட்டிதான் கெயோர்க் கிறிஸ்டோஃப் லிஷ்டன்பெர்க், இயற்பியலாளர், நறுக்கென்று ஒற்றை வரிகளில் எழுதியவர். கிரௌப்னர் அவருக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ, எப்படியும் அப்பா முறை. மின்னேற்றம் பெற்ற தட்டில் தூளைத் தூவினால் மரக்கிளை மாதிரிக் கோலம் விழுவதை 1777-இல் கண்டுபிடித்தார். பின்னாளில் ஜெராக்ஸ் இயந்திரம் வந்தது அந்த வழியில்தான். படியெடுத்துப் படியெடுத்தே வளர்ந்த மனிதரின் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு பிள்ளை. உள்ளூர் அருங்காட்சியகத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

பிற்பகல் டார்ம்ஸ்டாட் அரண்மனை. 1715-இல் ஒரு பகுதி எரிந்தபோது, எர்ன்ஸ்ட் லுட்விக் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரை வைத்துப் பிரம்மாண்டமாக ஒன்றைத் தொடங்கினார். பணம் இல்லாமல் இரண்டு பக்கம் எழும்பியதோடு நின்றுவிட்டது. சந்தைச் சதுக்கத்திலிருந்து பார்த்தால் அரண்மனை, பின்னால் போய்ப் பார்த்தால் பழைய கட்டடங்களின் நெரிசல். கிரௌப்னருக்குச் சம்பளம் பாக்கி விழுந்த காலமும் இந்தச் சுவர் எழும்பிய காலமும் ஒன்றே.

இப்போது இருப்பதும் மீண்டும் கட்டியதுதான். 1944 செப்டம்பர் 11 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதில் நகரத்தின் மையம் முழுக்க எரிந்தது. இறந்தவர்கள் 11,000 பேருக்கு மேல். அரண்மனை வெறும் சுவராக நின்றது. நூலகத்தின் இலட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பல். கிரௌப்னரின் கைப்பிரதிகள் தப்பித்தன. நேற்று திரையில் புரட்டிய அந்தச் சுத்தமான பக்கங்களை நினைத்துக்கொண்டு முற்றத்தில் ரொம்ப நேரம் நின்றேன். கல்யாண ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

மே 10, ஞாயிறு. டார்ம்ஸ்டாட், திரும்பும் ரயில்

இன்று அவர் இறந்த நாள். ஊரில் யாருக்கும் அது தெரிந்த மாதிரி இல்லை. அன்னையர் தினம் என்பதால் பூக்கடைகளில் மட்டும் கூட்டம். காலை நகரத் தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கீழே நிலவறையில் இந்த ஊர் அரசர்களின் கல்லறைகள். ஆர்கனில் வாசித்தது பாக்.

கோபம் வரவில்லை. நல்லாத்தான் இருந்தது.

மியூனிக் ரயிலில் இருந்து எழுதுகிறேன். இவருடைய கான்டாட்டாக்களுக்குப் பட்டியல் எண் போட்டவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். எண்ணின் முன்பகுதி எந்த ஞாயிறு அல்லது பண்டிகை என்பதைச் சொல்லும், சாய்கோட்டுக்குப் பின்னால் வருடம். அதனால் இன்றைய ஞாயிறைத் தேடி எடுத்தால், அந்த ஒரே ஞாயிறுக்கு வருடா வருடம் அவர் எழுதியது வரிசையாக வந்து நிற்கும். 1,400-ஐ அறுபத்துச் சொச்சம் ஞாயிறு பண்டிகைகளால் வகுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு மேல் வருகிறது. அதே வேத வசனம், இருபது தடவை, இருபது விதம். போனில் ஒவ்வொன்றாகத் திறந்து முதல் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வருகிறேன். பெரும்பாலானவற்றை அதற்கப்புறம் யாரும் வாசித்ததில்லை. மான்ட்ரியாலைச் சேர்ந்த ஜெனவியேவ் சோலி என்ற ஹார்ப்சிகார்ட் கலைஞர் 2001-இல் யேல் நூலகத்தில் இவருடைய நூலைத் தற்செயலாக எடுத்துப் பார்த்துவிட்டு, வருடக்கணக்காக இவரையே பதிவு செய்துகொண்டிருந்தார். இன்னும் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். இருந்தாலும் மலையில் ஒரு கூடை மண்தான் எடுத்திருக்கிறது.

மனைவி போன் செய்தாள். "உங்க ஆள் கிடைச்சாரா?"

அவளுக்கு ஒன்றை அனுப்பி வைத்தேன், அந்த ஆறு முரசு. ஐந்து நிமிடம் கழித்து, "இது அண்டா மாதிரியே இருக்கு" என்று பதில் வந்தது.

இந்த வியாழன் ஏசு விண்ணேறிய திருநாள். அதற்கும் ஒன்று தயாராக இருந்திருக்க வேண்டும். அப்புறம் ஞாயிறு. அதற்கடுத்த ஞாயிறு பெந்தெகொஸ்தே, அதில் திங்களும் சேர்த்து விடுமுறை, எழுதுகிறவருக்கு இரட்டை வேலை. எனக்கு நாளை காலை ஒன்பது மணிக்கு மீட்டிங். உல்ம் தாண்டிவிட்டது.